சிங்கப்பூர் வந்து இறங்குன நம்ம டெல்டா ஆளுங்களுக்கு: உயிலையும் லிஸ்ட்ல சேத்துக்குங்க

புதுசா வர்றவங்க கேக்குறதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். சிம் எங்க வாங்கறது, ரூம் வாடகை எவ்ளோ, தேக்காவுல நம்மூர் சாப்பாடு எங்க நல்லாருக்கும், திருச்சிக்கு டிக்கெட் எந்த மாசம் சல்லிசா கிடைக்கும். உயில் எழுதணுமாண்ணேன்னு இந்த பதினேழு வருஷத்துல ஒரு ஆள் கேட்டதில்ல. நானும் யாருக்கும் சொன்னதில்ல, ஏன்னா போன வருஷம் வரைக்கும் நானே எழுதல.

இத ஊர்ல உக்காந்துதான் டைப் பண்றேன். குறுவை அறுப்பு ஓடிட்டு இருக்கு, கொல்லைக்கு அந்தாண்ட மெஷின் சத்தம், திண்ணை பூரா தூசி. ஆனா நான் அறுப்புக்கு வரல. சித்தப்பா பையன் ஒருத்தன் அங்கயே தவறிட்டான், அவன் நிலத்து பட்டா வேலையா வந்திருக்கேன், இது மூணாவது தடவை லீவு போட்டு வர்றது.

அவனுக்கு 41 வயசு. வேலை முடிச்சிட்டு ரூமுக்கு வந்து படுத்தவன் எழுந்திரிக்கல. பிஆர் (அங்க நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்குனவன், பொண்டாட்டியும் ரெண்டு புள்ளைங்களும் ஊர்ல, கூட அவன் அம்மா, அதாவது எங்க சித்தி. நல்ல சம்பாத்தியம், கடன் கிடையாது, சொந்த காசுல நாலு மா நிலம் வாங்கி போட்டிருந்தான் (வெளியூர்காரங்களுக்காக சொல்றேன், மான்னா 33 சென்ட்). எல்லாம் சரியா வச்சிருந்தான்னுதான் நாங்களும் நினைச்சோம்.

பிரச்சனை சிபிஎஃப்ல (நம்மூர் பிஎஃப் மாதிரி சிங்கப்பூர்ல சம்பளத்துல புடிச்சு சேக்கற காசு) ஆரம்பிச்சுது. பிஆர் கிடைச்ச புதுசுல, கல்யாணத்துக்கு முன்னாடி, சிபிஎஃப் நாமினேஷன அம்மா பேர்ல போட்டிருக்கான். "அம்மாவுக்கு எழுதி வச்சிட்டேன்"னு எல்லார்கிட்டயும் சொல்லுவான். அவனுக்கு தெரியாதது என்னன்னா கல்யாணம் ஆன அன்னைக்கே அந்த நாமினேஷன் ரத்தாயிடும், சிங்கப்பூர் சட்டம் அப்படி, மறுபடி புதுசா போடணும். அவன் போடல. நாமினேஷன் இல்லாத சிபிஎஃப் காசு பப்ளிக் டிரஸ்டிங்கற அரசாங்க அதிகாரி கைக்கு போகும், அவங்க ஒரு கட்டணம் புடிச்சிட்டு அந்த ஊர் வாரிசு சட்டப்படி பிரிப்பாங்க. பொண்டாட்டிக்கு பாதி, புள்ளைங்களுக்கு மீதி பாதி. பொண்டாட்டி புள்ளைங்க இருந்தா அம்மா அப்பாவுக்கு ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிடையாது.

இங்க ஊர்ல நிலத்துக்கு கணக்கே வேற. இந்து வாரிசுரிமை சட்டம் 1956ல ஒரு ஆம்பள உயில் எழுதாம செத்தா அம்மா, பொண்டாட்டி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. அப்பா அந்த முதல் வரிசையிலயே வரமாட்டார், இது பல பேருக்கு ஆச்சரியமா இருக்கும். ஆக நாலு மாவுல சித்திக்கு ஒரு மா, மருமகளுக்கு ஒரு மா, புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு மா.

ஒரே சாவு, ரெண்டு நாட்டுல ரெண்டு கணக்கு. "எம் புள்ள எனக்குதான எழுதியிருந்தான், இவ என்னமோ கையெழுத்து போட்டு மாத்திட்டா"ன்னு சித்தி. "அவர் சம்பாரிச்ச நிலத்துல அத்தைக்கு எப்படி பங்கு வரும்"னு அந்த பொண்ணு. அது வரைக்கும் ஒரே அடுப்புல ஆக்கி சாப்பிட்டவங்க, இப்ப வீட்டுக்கு நடுவுல பீரோவ தள்ளி வச்சிருக்காங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. அவன் ரெண்டு பக்கம் பேப்பர்ல எழுதியிருந்தா அந்த பீரோ பழைய இடத்துலயே இருந்திருக்கும்.

நிலத்த வித்துட்டு புள்ளைங்க பேர்ல டெபாசிட் போடலாம்னு பாத்தா அதுவும் நடக்கல. புள்ளைங்க மைனர், மைனர் பங்க விக்க அம்மாவே ஆனாலும் கோர்ட் அனுமதி வாங்கணும். பட்டா இன்னும் செத்தவன் பேர்ல கிடக்கு, சொசைட்டியில பயிர்க்கடனுக்கு போனாலும் கொள்முதல் நிலையத்துக்கு நெல்ல கொண்டு போனாலும் சிட்டா அடங்கல்தான் கேப்பாங்க, அது யார் பேர்ல இருக்குங்கறதுதான் முதல் கேள்வி.

சரி இப்ப விஷயத்துக்கு வர்றேன், நீங்க என்ன பண்ணணும்.

மொதல்ல சிங்கப்பூர் பக்கம். உயில் எழுத 21 வயசு ஆகியிருக்கணும். எழுத்துல இருக்கணும், கடைசியில கையெழுத்து போடணும், அப்ப ரெண்டு சாட்சி ஒரே நேரத்துல பக்கத்துல இருந்து பாத்து அவங்களும் போடணும். சாட்சி போடுறவருக்கோ அவர் பொண்டாட்டி புருஷனுக்கோ உயில்ல எதாவது எழுதியிருந்தா அந்த பங்கு அவங்களுக்கு போகாது, அதனால ரூம்மேட்ட கூப்பிடுங்க, மச்சான கூப்பிடாதீங்க. வக்கீல் வச்சுதான் எழுதணும்னு கட்டாயம் இல்ல, ஆனா பிஆர் ஆகி வீடு கீடு வாங்கிட்டா கொஞ்சம் காசு போனாலும் பரவாயில்லன்னு வக்கீல்கிட்ட போயிடுங்க. அப்புறம் கல்யாணம் ஆனா அங்க உயிலும் ரத்துதான், நாமினேஷன் மாதிரியே. பேச்சலரா இருக்கும்போது எழுதுனவங்க தாலி கட்டிட்டு திரும்பி வந்த ஒடனே ரெண்டையும் புதுசா போடுங்க.

சிபிஎஃப் காசு உயில்ல வராது. எத்தனை அழகா உயில்ல எழுதுனாலும் அது தனி, நாமினேஷன்தான் பேசும். அதே மாதிரி எச்டிபி வீடு (அரசாங்க அடுக்குமாடி வீடு) கூட்டு பேர்ல ஜாயிண்ட் டெனன்சின்னு இருந்தா ஒருத்தர் போனா வீடு நேரா இன்னொருத்தருக்கு, உயில் அங்கயும் பேசாது. வொர்க் பெர்மிட், எஸ் பாஸ்ல இருக்கற தம்பிங்களுக்கு சிபிஎஃப்பே கிடையாது, "அப்ப எனக்கு என்னண்ணே இருக்கு எழுத"ன்னு கேப்பீங்க. பேங்க்ல இருக்கற காசு, வர வேண்டிய சம்பளம், ரூம்ல ஒருத்தன்கிட்ட குடுத்து வச்ச ஆயிரம் வெள்ளி, ஊர்ல அம்மா பேர்ல அடகு வச்ச நகை சீட்டு, சீட்டு கம்பெனி பாஸ்புக்கு. யோசிச்சா ஒரு பக்கம் வரும்.

நம்மூர்ல மொய் நோட்ட பாருங்க, முப்பது வருஷத்துக்கு முன்னாடி யாரு அம்பது ரூபா எழுதுனாங்கன்னு பேரு ஊரோட இருக்கும். அந்த அக்கறையில பத்துல ஒரு பங்கு நம்ம சொத்து மேல கிடையாது.

ஊர் பக்கம் இன்னும் சுலபம். இந்தியாவுல உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்ல, வெள்ளத்தாள் போதும். நீங்க கையெழுத்து போடுறத பாத்த ரெண்டு சாட்சி. பதிவும் கட்டாயம் இல்ல, ஆனா லீவுல வர்றப்ப சார் பதிவாளர் ஆபீஸ்ல ஒரு நாள் உக்காந்து பதிஞ்சிடுங்கன்னுதான் நான் சொல்லுவேன், நாளைக்கு யாராவது "இது எங்கண்ணன் கையெழுத்தே இல்ல"ன்னு கிளம்புனா ஒரு பலம். பதிஞ்சா மாத்த முடியாதுன்னு ஒரு பயம் சுத்திட்டு இருக்கு, அது தப்பு, உயிரோட இருக்கற வரைக்கும் எத்தனை தடவை வேணா மாத்தலாம், கடைசியா எழுதுனதுதான் செல்லும். சாட்சிக்கு டீக்கடை தாத்தாவ கூப்பிடாதீங்க. பிரச்சனை கோர்ட்டுக்கு போனா சாட்சியில ஒருத்தராவது வந்து சொல்லணும், அதனால உங்கள விட வயசு கம்மியான, ஊர்லயே இருக்கற ஆளா பாருங்க.

இப்ப நான் மாட்டிக்க இருந்த இடம் ஒண்ணு சொல்றேன், இத மட்டும் மறக்காதீங்க. நிலம் எந்த நாட்டுல இருக்கோ அந்த நாட்டு சட்டம்தான் அதுக்கு, அதனால ரெண்டு உயில் எழுதறது நல்லது, அங்க சொத்துக்கு ஒண்ணு, ஊர் சொத்துக்கு ஒண்ணு. நான் ஊர்ல எழுதி பதிஞ்சிட்டு அங்க போயி இன்னொண்ணு எழுதுனேன், இன்டர்நெட்ல கிடைச்ச மாதிரி படிவம். அதுல முதல் வரியே "இதற்கு முன் நான் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்"னு இருக்கு. எல்லா உயிலும்னா ஊர்ல பதிஞ்சதும்தான! கையெழுத்து போடறதுக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டுக்காரி படிச்சு பாத்து கேட்டா. இல்லன்னா என் கையாலேயே ஊர் உயில கிழிச்ச மாதிரி ஆயிருக்கும். "சிங்கப்பூரில் உள்ள சொத்துகளுக்கு மட்டும்"னு மாத்தி எழுதுனோம், ஊர் உயில்லயும் அதே மாதிரி "இந்தியாவில் உள்ள சொத்துகளுக்கு மட்டும்"னு இருக்கணும்.

அடுத்தது பேர். சித்தப்பா பையன் வேலை இவ்ளோ இழுக்கறதுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது, நாங்க வச்சிருந்த பேப்பர்தான் காரணம். பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா இருக்கு, பட்டாவுல ஒத்த இனிஷியல், பத்திரத்துல வீட்ல கூப்பிடற பேரு, பேங்க்ல ஒரு எழுத்து கூட. நாலும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்கவே மாசங்கள் போச்சு. உயில்ல "இன்னார் என்கிற இன்னார்"னு எல்லா பேரையும் எழுதி பாஸ்போர்ட் நம்பரையும் போட்டுடுங்க. நிலத்துக்கு சர்வே நம்பர், உட்பிரிவு, பத்திர நம்பர், நாலெல்லை. "வாய்க்கா பக்கத்து வயல்"னு எழுதாதீங்க, வாய்க்கா இல்லாத வயல் நம்ம ஊர்ல ஏது.

பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கற வீடுங்க நிறைய இருக்கு, உங்க வீடும் அப்படின்னா மொதல்ல பாகப்பிரிவினைய முடிச்சு பதிஞ்சு பட்டா மாத்துங்க. உங்க பங்கு எதுன்னே தெரியாம உயில் எழுதுனா நாளைக்கு அத வச்சு சண்டைதான் போடலாம். கூடப் பொறந்த அக்கா தங்கச்சிக்கும் அதுல பங்கு இருக்கு, கல்யாணத்துக்கு நகை போட்டாச்சுன்னு சொல்றதெல்லாம் சட்டத்துல நிக்காது.

"அப்பாவுக்கு பவர் குடுத்திருக்கேன், அவர் பாத்துப்பார்"னு நிறைய பேர் நிம்மதியா இருக்கீங்க. பவர் குடுத்தவர் செத்தா பவரும் அன்னைக்கே போச்சு. அப்புறம் அந்த பேப்பர வச்சு ஒரு கையெழுத்தும் போட முடியாது. பேங்க் நாமினியும் அப்படித்தான் ஒரு குழப்பம், நம்மூர் பேங்க்ல நாமினிங்கறவர் காச வாங்கி வாரிசுங்களுக்கு குடுக்க வேண்டியவர், சொந்தக்காரர் இல்ல. சிபிஎஃப்ல நாமினிக்கே காசு சொந்தம். ஒரே வார்த்தை, அர்த்தம் வேற வேற, என்ன பண்றது.

இதுவரைக்கும் இந்து சட்ட கணக்கு சொன்னேன். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் பாய்மாருங்களுக்கு ஃபராயிள் (இஸ்லாமிய வாரிசு பங்கு) கணக்கு, மூணுல ஒரு பங்குக்கு மேல வஸிய்யத் (உயில்) எழுத முடியாது, அத உங்க ஜமாஅத்துல கேட்டுக்குங்க. வேளாங்கண்ணி பக்கத்து கிறிஸ்தவ குடும்பங்களுக்கு இந்தியாவுலயும் கல்யாணம் ஆனா பழைய உயில் செல்லாது.

பொம்பளைங்களும் எழுதணும், நர்ஸ் வேலைக்கும் ஐடிக்கும் வர்ற தங்கச்சிங்க குறிப்பா. புள்ள இல்லாத ஒரு இந்து பொண்ணு, புருஷனும் முன்னாடியே தவறிட்டார், இவ உயில் எழுதாம செத்தான்னா இவ சொந்தமா சம்பாரிச்ச சொத்து கூட முதல்ல புருஷன் வீட்டு வாரிசுங்களுக்குத்தான் போகும், பெத்த அம்மா அப்பா அதுக்கு அப்புறம்தான். படிக்க வச்ச அப்பா வெளியில நிப்பார்.

எழுதி முடிச்சிட்டு எங்க வச்சிருக்கீங்கன்னு ரெண்டு பேருக்கு சொல்லுங்க. சிங்கப்பூர்ல வில்ஸ் ரெஜிஸ்ட்ரின்னு ஒண்ணு இருக்கு, உயில் எங்க இருக்குங்கற தகவல அதுல பதியலாம், கட்டாயமில்ல. அந்த பக்கத்து உயில நிறைவேத்த அங்க இருக்கற ஆள போடுங்க, ஊர் உயிலுக்கு ஊர் ஆள். மச்சான் நல்லவர்தான், ஆனா ஒரு பேங்க் ஃபார்முக்காக அவரால விசா எடுத்து வர முடியுமா? அங்க வாங்குற இறப்பு சான்றிதழ ஊர்ல குடுக்க அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லுறதுக்கான அரசாங்க சான்று முத்திரை) பண்ணணும்னு வரும், 2021 செப்டம்பர்லேர்ந்து சிங்கப்பூர் அந்த முறையில இருக்கு, இது உங்க வீட்டுக்காரிக்கும் தெரிஞ்சிருக்கட்டும். பாஸ்வேர்டெல்லாம் உயில்ல எழுதாதீங்க, தனி நோட்டு.

வீட்ல பேச்ச எடுத்தா திட்டு விழும். எங்கம்மா "ஊருக்கு கிளம்புற நேரத்துல வாய்ல நல்ல வார்த்தையே வராதா"ன்னு விபூதி தட்ட கீழ வச்சிட்டு உள்ள போயிட்டாங்க, ரெண்டு நாள் பேசல. அப்பா ஒண்ணும் சொல்லல. நேத்து சாயங்காலம் அறுப்பு காசு எண்ணி முடிச்சிட்டு என்கிட்ட வந்து உக்காந்து, ஒரு முழு வெள்ளத்தாள் இருக்கான்னு கேட்டார். எடுத்து குடுத்தேன். "நீயே எழுது, எனக்கு கை நடுங்குது, கையெழுத்து மட்டும் நான் போடறேன். மேல்கரை வயல் உனக்கு, வீடு உங்க அக்காவுக்கு. அந்த தென்னை நாலும் உங்கம்மா இருக்கற வரைக்கும் அவளுக்கு, யாரும் காய் பறிக்கக்கூடாதுன்னு போடு"ன்னார். உள்ளேர்ந்து அம்மா குரல், "நாலு இல்ல, அஞ்சு."