அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகாமலிருக்க

அதிரச மாவில் ஈரம் இருந்தே ஆக வேண்டும். பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் லேசாக ஒட்டும் ஈரத்திலேயே அரைத்துச் சலியுங்கள். கடையில் வாங்கும் காய்ந்த மாவு இதற்குச் சரிப்படவே படாது.

வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் மெத்தென்று உருட்ட வர வேண்டும். உடனே இறக்கி, ஏலக்காய், சுக்குப் பொடியோடு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். தளர்வாகவே இருக்கட்டும், ஆறினால் இறுகும். ஒரு நாளாவது வைத்திருந்து சுட்டால்தான் ருசி!

முதலில் ஒன்றை மட்டும் மிதமான தீயில் போட்டுப் பாருங்கள். பிரிந்தால் பாகு இளம்பதம். சிறிது அரிசி மாவு சேர்த்துப் பிசையலாம். கல்லாக வந்தால் பாகு முற்றிவிட்டது. கொஞ்சம் பால் தெளித்துப் பிசையுங்கள்.