ஆப்பிளோட ஐடியூன்ஸ் ஸ்டோர்ல அப்போ வாங்குன பாட்டு கிளவுட்ல ஏற மாட்டேங்குதா, இதைப் பாருங்க

காசு குடுத்து வாங்குன பாட்டுதான், ஆனா யூடியூப் மியூசிக்ல அப்லோட் பண்ணா எடுக்காது, ஐகிளவுட்லயும் பாதி பாட்டு ஏறாம நிக்கும். பழைய பாட்டா இருந்தா பெரும்பாலும் காரணம் வேற இடத்துல ஓடாம இருக்க ஃபேர்ப்ளேன்னு ஆப்பிள் போட்ட பூட்டுதான். 2003ல ஸ்டோர் திறந்தப்போ வித்ததெல்லாம் 128 கேபிபிஎஸ் (பாட்டோட தரத்தைச் சொல்ற அளவு, எண் கூடுனா சத்தம் தெளிவா இருக்கும்), பூட்டோட. 2007ல பெரிய ரெக்கார்ட் கம்பெனிங்கள்ல இஎம்ஐ பாட்டுங்கள மட்டும் பூட்டில்லாம 256ல குடுத்தாங்க, 2009ல மத்த பெரிய கம்பெனிங்களும் ஒத்துக்கிட்டாங்க. ஆக அதுக்கு முன்னாடி வாங்குனதுதான் இப்போ தகராறு பண்ணும்.

முதல்ல ஃபைல் பேரோட கடைசியைப் பாருங்க. எம்4ஏன்னா பிரச்சினை இல்ல, எம்4பின்னா (ப்ரொடெக்டட்ல வர்ற பி, ஆடியோபுக்ல வர்ற பி இல்ல) பூட்டு இருக்கு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ஆப்பிள் மியூசிக் சந்தால டவுன்லோட் பண்றதும் எம்4பியாதான் வரும், அது நீங்க வாங்குனதே இல்ல, வாடகை வீடு மாதிரி, சந்தா நின்னா பாட்டும் நின்னுரும், அதை ஏத்துறதுக்கு மெனக்கெடாதீங்க.

அடுத்து கம்ப்யூட்டரை ஆத்தரைஸ் பண்ணணும், அதாவது வாங்குன பாட்டை இதுல ஓட்ட அனுமதி குடுக்கணும், ஐடியூன்ஸ் இல்லன்னா ஆப்பிள் மியூசிக் ஆப்போட அக்கவுன்ட் மெனுலயே இருக்கு. இங்கதான் நிறைய பேர் மாட்டுவாங்க, பாட்டு வாங்குனப்போ இருந்த ஆப்பிள் ஐடி வேற, இப்போ இருக்கறது வேற, வாங்குன ஐடியதான் போடணும். அஞ்சு கம்ப்யூட்டருக்கு மேல விடாது, பழசையெல்லாம் தூக்கிப் போட்டிருந்தா டீஆத்தரைஸ் ஆல் அமுக்குங்க, ஆனா அது வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

இப்போ அந்த எம்4பி ஃபைல்களை வேற டிரைவ்ல காப்பி எடுத்து வச்சுட்டு, இதை மட்டும் ஸ்கிப் பண்ணவே பண்ணாதீங்க, அப்புறமா லைப்ரரில டவுன்லோடை மட்டும் நீக்குங்க, பாட்டையே டெலீட் பண்ணிராதீங்க. அதே ஐடில மேகம் ஐகானை அமுக்கி திரும்ப இறக்குனா பாட்டு ஸ்டோர்ல இன்னும் இருக்கற வரைக்கும் 256ல பூட்டில்லாத எம்4ஏ வரும். அதைத் தாராளமா எங்க வேணா ஏத்தலாம், யூடியூப் மியூசிக்ல 1,00,000 பாட்டு வரைக்கும் இடம் குடுக்கறாங்க.

ஸ்டோர்லேந்து பாட்டையே தூக்கிட்டா? ஐடியூன்ஸ் மேட்ச் இருக்கு, உங்க பாட்டை ஆப்பிள் கிட்ட இருக்கறதோட ஒப்பிட்டுப் பார்க்கற சந்தா சேவை, அமெரிக்கால வருஷத்துக்கு 24.99 டாலர், வேற ஆல்பத்துல அதே பாட்டு இருந்தா சில சமயம் கண்டுபிடிச்சு பூட்டில்லாத காப்பி குடுத்துரும், அந்த ஒரு வருஷத்துல எல்லாத்தையும் இறக்கி வச்சுட்டு சந்தாவை நிறுத்துனாலும் ஃபைல் உங்க கிட்டயே இருக்கும். ஆனா மேட்சும் 200 எம்பிக்கு மேல, ரெண்டு மணி நேரத்துக்கு மேல போறதை எடுக்காது, நீளமான கச்சேரி ரெக்கார்டிங் வச்சிருக்கறவங்க பார்த்துக்கோங்க.

அதுவும் முடியலன்னா ஆடியோ சிடில பர்ன் பண்ணி திரும்ப ரிப் பண்றதுதான் (சிடிலேந்து கம்ப்யூட்டருக்கு ஃபைலா எடுக்கறது), ஒரே ப்ளேலிஸ்ட்டை ஏழு தடவைதான் பர்ன் பண்ண விடுவான். ரிப் பண்ணும்போது தரம் குறையாம சேமிக்கற ஆப்பிள் லாஸ்லெஸ் ஃபார்மட் வைங்க, 128ஐ மறுபடி எம்பி3யா அமுக்குனா தாளம் தட்டுற சத்தமே கொழகொழன்னு ஆயிரும்.