இரண்டு கதவா, நாலு கதவா? ஒன்ராறியோவில் பழைய கார் தெரிவு செய்யும் முறை

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வாசலில் இப்போது நிற்பது 2014 ரொயோட்டா கம்ரி. சாம்பல் நிறம். பிளாஸாவில் நிறுத்தினால் எது என்னுடையது என்று எனக்கே தெரியாது. நான் வாங்கப் போனது அதுவல்ல. சிவப்பு நிறத்தில் ஒரு 2013 சயன் எஃப்ஆர்-எஸ். இரண்டு கதவு, கையால் மாற்றும் ஆறு கியர், பின்சில்லு இழுவை. இந்த இரண்டு கதவு வகையை நம் ஆட்கள் 'கூப்பே' என்று எழுதினாலும் கனடாவில் வாயால் சொல்வது 'கூப்' என்றுதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சயன் என்பது ரொயோட்டாவின் இன்னொரு பெயர். 2016இல் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். அதன்பின் இதே கார் ரொயோட்டா 86 ஆனது. சுபாரு பிஆர்இசட் இதன் கூடப்பிறந்தது. 2 லீற்றர் எஞ்சின், 200 குதிரைவலு. கம்ரியின் 2.5 லீற்றர் எஞ்சினுக்கு 178. எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்த முதல் வளைவிலேயே வித்தியாசம் தெரியும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

காசு சேர்ப்பது, வங்கிக் கடன் எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே போகிறேன்.

படி 1: ஓடிப் பார்க்காதீர்கள்

எல்லோரும் முதலில் ஓடிப் பார்க்கத்தான் சொல்வார்கள். நான் வேண்டாம் என்கிறேன். கூப்பை ஒருமுறை ஓடிவிட்டால் அதன்பிறகு கணக்குப் போட மனம் வராது. போட்டாலும் காருக்குச் சாதகமாகத்தான் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. விளம்பரத்தைப் பாருங்கள், படத்தைப் பாருங்கள், விற்பவரிடம் வின் நம்பரை (ஒவ்வொரு காருக்கும் உள்ள 17 எழுத்து அடையாள எண்) கேளுங்கள். அவ்வளவுதான். தர மறுப்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

படி 2: வின் நம்பரோடு இன்சூரன்ஸ் விலை கேளுங்கள்

நான் விழுந்த இடம் இது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எஃப்ஆர்-எஸ் 14,500 டொலர், 110,000 கிலோமீற்றர். கம்ரி 13,000 டொலர், 130,000 கிலோமீற்றர். வித்தியாசம் 1,500தானே என்று நினைத்தேன். ஒரு சின்ன டீலரிடம் போய், ஓடிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, 500 டொலர் முற்பணமும் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்துதான் இன்சூரன்ஸுக்கு அழைத்தேன். எனக்கு வந்த விலை: கம்ரிக்கு மாதம் 241, எஃப்ஆர்-எஸ்ஸுக்கு 338. இரண்டுக்கும் ஒரே ஆள், ஒரே முகவரி, ஒரே பாதுகாப்பு.

மாதம் 97 என்றால் வருடத்துக்கு 1,164. நாலு வருடம் வைத்திருந்தால் 4,656 டொலர். இதோடு பெற்றோல்: எஃப்ஆர்-எஸ் குடிப்பது விலை கூடிய பிரீமியம் மட்டும், கம்ரிக்கு 87 ஒக்டேன் சாதாரண பெற்றோல் போதும். வருடத்துக்கு 15,000 கிலோமீற்றர் ஓடுகிறவர் லீற்றருக்கு 25 சதம் கூடக் கொடுத்தால் அதில் வருடாவருடம் இன்னொரு 350 டொலர் அளவில் போகும். 1,500 டொலர் வித்தியாசம் என்று நான் நினைத்த கார் நாலு வருடக் கணக்கில் 7,500க்கு மேலே போய் நின்றது.

அடுத்த நாள் காலையில் டீலரிடம் போனேன். ஒன்ராறியோவில் டீலரிடம் வாங்கும் காருக்கு 'யோசித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்' என்று சொல்லும் கால அவகாசம் சட்டத்தில் இல்லை. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். அரை மணித்தியாலம் மன்றாடி 300 டொலரை மீட்டுக்கொண்டு வந்தேன். மிச்சம் 200 இந்தக் கட்டுரைக்கான செலவு.

என் எண்களை உங்கள் கணக்குக்கு எடுக்க வேண்டாம். இன்சூரன்ஸ் விலை உங்கள் வயது, ஓட்டிய அனுபவம், அஞ்சல் குறியீடு, அந்தக் கார் வகைக்கு முன்பு கட்டப்பட்ட இழப்பீடுகள் எல்லாவற்றையும் சேர்த்து வருவது. ஸ்காபரோவில் இருக்கும் எனக்கு ஒரு விலை, லண்டன் ஒன்ராறியோவில் இருக்கும் என் மச்சானுக்கு அதே காருக்கு வேறு விலை. சில கூப்கள் சில செடான்களைவிட (கம்ரி போன்ற நாலு கதவுக் கார்கள்) மலிவாகவும் வரலாம். கதவை எண்ணி ஊகிக்காமல் வின் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள்.

கேட்கும்போது மறைக்கக்கூடாத விஷயம்: வீட்டில் லைசென்ஸ் உள்ள எல்லோரையும் சொல்ல வேண்டும். ஜி2 (முழு லைசென்ஸுக்கு முந்திய படி) எடுத்த மகன் இருந்தால், அவன் ஓடவே மாட்டான் என்று நீங்கள் நினைத்தாலும் சொல்லுங்கள். பிறகு ஒரு விபத்து நடந்து அவர்கள் கண்டுபிடித்தால் காரைவிடப் பெரிய செலவு வரும். பனிக்கால ரயர் போடுவதாகவும் சொல்லுங்கள். 2016இலிருந்து அதற்குக் கழிவு கொடுக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் கட்டாயம். நானாகக் கேட்கும்வரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

விலை ஒப்பிடும் இணையத்தளங்களைவிட எனக்குப் பிடித்தது புரோக்கருக்கு நேரடியாக அழைப்பது. தளத்தில் வரும் விலை, கையெழுத்துப் போடும் நேரத்தில் ஏதோவொரு காரணத்தால் ஏறிவிடுகிறது.

படி 3: அம்மாவைப் பின் சீற்றில் ஏற்றுங்கள்

இன்சூரன்ஸ் விலையைப் பார்த்தும் கூப் ஆசை விடவில்லை என்றால் இந்தப் படி. காரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் முழங்கால் நோ உள்ளவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எஃப்ஆர்-எஸ்ஸில் முன் சீற்றை மடித்துத்தான் பின்னுக்குப் போக வேண்டும். அம்மா ஒருமாதிரி உள்ளே போய் இருந்துவிட்டுச் சொன்னா: "தம்பி, ஏறிறதுக்கு நான் காணும். இறக்கிறதுக்கு ரெண்டு பேர் வேணும்."

அடுத்தது டிக்கி. எஃப்ஆர்-எஸ்ஸில் 195 லீற்றர், கம்ரியில் 436. எண் புரியாவிட்டால் 40 இறாத்தல் அரிசி மூட்டையால் அளவுங்கள். கம்ரியில் இரண்டு மூட்டையைப் போட்டு, மரக்கறிப் பைகளையும் வைத்து, மேலே தம்பியின் ஹொக்கிப் பையையும் திணிக்கலாம். கூப்பில் மூட்டையா பையா என்று தெரிவு செய்ய வேண்டும். அதன் பின் சீற்றை மடித்தால் நாலு சில்லுகளை ஏற்றலாம் என்பது உண்மை. மடித்த பிறகு அம்மா எங்கே இருப்பா என்பதுதான் கேள்வி.

கதவு நீளத்தை ஒருவரும் யோசிப்பதில்லை. இரண்டு கதவுக் காரின் கதவு நீளமானது. சனிக்கிழமை பின்னேரம் தமிழ்க் கடைப் பிளாஸாவில் இரண்டு வான்களுக்கு நடுவே நிறுத்திப் பாருங்கள். பாதிதான் திறக்கும், வயிற்றை எக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

பனியைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். பின்சில்லு இழுவைக் காரும் நல்ல பனிக்கால ரயர் போட்டால் ஸ்காபரோத் தெருக்களில் ஓடும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனாலே கோடைகால ரயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கிவிடும். ஆகவே செடானுக்கும் அந்தச் செலவு உண்டு. என் பயம் உயரத்தைப் பற்றியது. மாநகரசபையின் ஸ்நோ வாரும் வண்டி போகும்போது உங்கள் வாசலை மறித்து ஒரு மேடு கட்டிவிட்டுப் போகும். கம்ரி அதில் ஏறி இறங்கிவிடும். கூப்பின் மூக்கு அதை உழும்.

படி 4: குளிர்ந்த எஞ்சின், 40 டொலர் ஸ்கானர்

இப்போது ஓடிப் பார்க்கலாம். போகுமுன் விற்பவரிடம் 'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று சொல்லுங்கள். போனதும் பொனற்றில் கையை வையுங்கள். சுட்டால், ஏன் சூடாக்கினார் என்று யோசியுங்கள். குளிரில் எழும்பும்போதுதான் எஞ்சின் தன் வருத்தங்களைச் சொல்லும்.

எஃப்ஆர்-எஸ் நிற்கும்போது சில்வண்டு கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். எரிபொருள் பம்பின் சத்தம் அது, பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது வேறு: ஆரம்ப வருடக் கார்களில் வால்வ் ஸ்பிரிங்குகளை மாற்றச் சொல்லி 2018இல் மீளழைப்பு வந்தது. அதற்கு எஞ்சினையே வெளியே எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். செய்தாயிற்றா, எங்கே செய்தது என்று தாளோடு கேளுங்கள். ரொயோட்டா கனடா தளத்தில் வின் நம்பரைப் போட்டாலும் நிலுவையில் இருப்பது தெரியும்.

கம்ரி பக்கம்: 2007 முதல் 2009 வரையான 2.4 லீற்றர் எஞ்சின் ஒயில் குடிப்பதில் பெயர் எடுத்தது. 2010இலிருந்து வந்த 2.5 லீற்றரைத் தேடுங்கள். ஆயிரம் டொலர் மலிவாகக் கிடைத்தாலும் முன்னதை நான் தொடமாட்டேன்.

கையில் ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கானர் இருக்கட்டும், காரில் செருகினால் அதன் கணினியில் பதிந்த பிழைக் குறியீடுகளை வாசிக்கும் கருவி அது. என்னுடையது 40 டொலர். பெரிய திரை வைத்த 300 டொலர்ச் சாமான் நமக்குத் தேவையில்லை. பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்று காட்டியதும் சந்தோசப்பட வேண்டாம். அடுத்த பக்கத்தில் 'ரெடினஸ்' என்று, கார் தன்னைத்தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள். பல வரிகள் 'நொட் ரெடி' என்று நின்றால் யாரோ அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கலாம். காரணத்தைக் கேட்டு, சில நாள் ஓடிய பிறகு திரும்ப வருவதாகச் சொல்லுங்கள். நான் பார்த்த முதல் கம்ரியை இப்படித்தான் விட்டேன்.

அதன்பிறகு விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் உயர்த்திப் பார்க்க வேண்டும். தெருவில் கொட்டும் உப்பு காரின் அடியைத் தின்னும். மேலே மினுங்குவதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

படி 5: தாள்கள்

தனியாளிடம் வாங்கினால் அவர் உங்களுக்கு யுவிஐபி என்ற தகவல் பொதியைத் தந்தாக வேண்டும். சேர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அரசின் சேவை நிலையத்தில் 20 டொலர். கார்மேல் கடன் இருக்கிறதா என்று அதில் இருக்கும். கடனைப் பாராமல் வாங்கினால் கடன்காரர் உங்கள் வாசலில் காரைத் தேடி வருவார். அதில் இருப்பது ஒன்ராறியோ வரலாறு மட்டும். கியூபெக்கிலோ அமெரிக்காவிலோ அடிபட்ட காரா என்று அறிய கார்ஃபக்ஸ் கனடா அறிக்கையும் வேண்டும்.

வரியில் ஒரு பொறி உண்டு. தனியாளிடம் 9,000 டொலருக்கு வாங்குகிறீர்கள், ரெட் புக் என்ற பழைய கார் விலைப் பட்டியலில் மொத்த வியாபார விலை 11,000 என்றால் 13 வீத வரி 11,000க்குத்தான்: 1,430 டொலர். மலிவாக வாங்கினோம் என்ற சந்தோசம் கவுண்டரில் கொஞ்சம் குறையும்.

'சேஃப்ரி' என்ற சான்றிதழை உத்தரவாதம் என்று நினைக்க வேண்டாம். பரிசோதித்த அன்று தெருவில் ஓடும் தகுதி இருந்தது, அவ்வளவுதான். 36 நாட்களுக்குள் பதிவுக்குப் பயன்படுத்த வேண்டும்.

டீலரிடம் என்றால் விளம்பரத்தில் போட்ட விலைக்குமேல் வரியும் பதிவுக் கட்டணமும்தான் வரலாம். 'நிர்வாகக் கட்டணம்' என்று புதிதாக ஒன்று முளைத்தால் ஒம்விக் என்ற பெயரை (ஒன்ராறியோவில் டீலர்களைக் கண்காணிக்கும் அமைப்பு) மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 1: வின் நம்பர் கொடுத்தும் 'அப்படி ஒரு காரே இல்லை' என்று வருவதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 17 எழுத்தில் ஓ, ஐ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. நீங்கள் ஓ என்று அடித்தது பூச்சியம்.

பிற்சேர்க்கை 2: குழந்தை இருக்கையைப் பற்றி ஒரு அக்கா கேட்டிருந்தா. நான் யோசிக்கவேயில்லை. பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் இருக்கையைக் கடையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், கார் வாங்குமுன் அதில் பூட்டிப் பாருங்கள். எஃப்ஆர்-எஸ்ஸில் அதை வைத்தால் முன் சீற்றில் பெரியவர் இருக்க இடம் மிஞ்சாது.

பிற்சேர்க்கை 3: 'அண்ணை, நீங்கள் கூப்புக்கு எதிரி' என்று ஒரு தம்பி கோபித்திருந்தார். இல்லை ஐயா. தனியாள், வீட்டில் இன்னொரு கார், இன்சூரன்ஸ் விலையும் தாங்கும் என்றால் வாங்குங்கள். நானென்றால் நாளைக்கே வாங்குவேன். அவர் வாங்கியும்விட்டார், பிஆர்இசட், நீலம். பின் சீற்றை மடித்து நாலு பனிக்கால ரயரையும் ஏற்றிய படம் அனுப்பினார். அரிசி மூட்டை எங்கே என்று கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.