கூறைப்புடவையும் மஞ்சள் முகமும்: கல்யாணப் படங்களுக்குக் கேமராவில் வண்ணமும் ஷார்ப்னஸும் அமைத்தல்

கேமராவில் வண்ண அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் ஒரே ஃபிரேமுக்குள் என்னென்ன வந்து சேர்கின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரக்குச் சிவப்பில் பட்டுப்புடவை, அதன் மேல் பொன் ஜரிகை, அதை ஒட்டினாற்போல் சலவை வேட்டி, மஞ்சள் பூசிய மாநிற முகம். சிவப்பு எளிதில் நிறைந்து வழிந்துவிடும், வேட்டி வெளிறிப்போகும், ஜரிகையின் ஓரம் கூசும், முகமோ சற்று மாறினாலும் கண்ணுக்கு உடனே தெரியும். வாங்கி வந்த நாளில் கேமராவில் இருக்கும் ஸ்டாண்டர்டு அமைப்பும், பலர் விரும்பி வைக்கும் விவிட் அமைப்பும் படத்தைத் திரையில் எடுப்பாகக் காட்டுவதற்காக ஆனவை. ஆகையால் காண்ட்ராஸ்ட் (இருட்டு வெளிச்ச வேறுபாடு), சாச்சுரேஷன் (நிறச் செறிவு), ஷார்ப்னஸ் (ஓரக் கூர்மை) மூன்றையும் தணித்து வைத்து எடுத்து, வேண்டியதை எடிட்டிங்கில் கூட்டிக்கொள்வதே என் வழக்கம். கூட்டுவது எப்போதும் கைவசம் இருக்கிறது. ஜேபெக் கோப்பில் கேமரா அழித்துவிட்ட விவரத்தை மீட்க வழியில்லை.

இந்த வழக்கம் பட்டுத்தான் வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், பெருந்துறைப் பக்கம் ஒரு முகூர்த்தத்தை விவிட் அமைப்பில், ஜேபெக்காக மட்டும் எடுத்தேன். கேமராவின் பின்திரையில் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அம்மா, கூறைப்புடவையின் மேல் விரலை வைத்து, "ஏனுங் தம்பி, இதுல பூ வேலையெல்லாம் எங்கீங்க போச்சு?" என்று கேட்டார். மடிப்பும் தெரியவில்லை, நெய்த பூவும் தெரியவில்லை. சிவப்பு அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது. படத்தின் மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் நடுவில் ஒழுங்காக நின்றிருந்ததால், சிவப்புச் சேனல் மட்டும் தனியே உச்ச அளவான 255-ஐத் தொட்டுத் தட்டையாகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. எனவே முதல் வேலையாக, பின்திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டு வையுங்கள். புடவையை எடுக்கும்போது சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டிக்கொண்டு நின்றால், சாச்சுரேஷனை ஒன்றோ இரண்டோ குறைக்க வேண்டும். அப்படியும் முட்டினால் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை) மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்க வேண்டும்.

சென்சார் பதித்த தகவலை அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுப்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி வரும். இந்த அமைப்புகள் ராவுக்குள் இருக்கும் தகவலை மாற்றுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பின்திரையில் தெரியும் படமும் ஹிஸ்டோகிராமும், ராவோடு சேர்ந்திருக்கும் சிறிய ஜேபெக்கிலிருந்து வருபவை. விவிட் வைத்திருந்தால், ராவில் பத்திரமாக இருக்கும் சிவப்பைக்கூடத் திரை எரிந்துபோனதாகக் காட்டும். அதை நம்பி எக்ஸ்போஷரைக் குறைத்தால் முகம் இருண்டு, பின்னால் தூக்கும்போது புள்ளி புள்ளியாக வரும். மேலும் இப்போது தாலி கட்டிய அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்புக்குப் படம் கேட்கிறார்கள். அது நேராகக் கேமராவின் ஜேபெக்தான்.

கேனான் 2005-இல் கொண்டுவந்த பிக்சர் ஸ்டைலிலும், நிக்கான் 2007-இல் கொண்டுவந்த பிக்சர் கண்ட்ரோலிலும் (இவை கேமராவின் வண்ண அமைப்புத் தொகுப்புகள்) போர்ட்ரெய்ட், நியூட்ரல் என்ற இரண்டுமே இருக்கின்றன. மண்டபத்துக்குள் நான் நியூட்ரலில் தொடங்குகிறேன். சிவப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் அதன் தணிந்த காண்ட்ராஸ்ட் கைகொடுக்கிறது. இணைச்சீர் என்னும் சடங்கில் மாப்பிள்ளையின் வேட்டியும் அவருடைய சகோதரியின் பட்டுப்புடவையும் ஒரே ஃபிரேமுக்குள் வரும்போது அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். தனி உருவப்படத்துக்குப் போர்ட்ரெய்ட் போதும், ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு: கேனானின் போர்ட்ரெய்ட் முகத்தைச் சற்று ரோஜா நிறத்துக்குத் தள்ளும். மாநிறத்துக்கு அது பவுடர் பூசியதுபோல் ஆகும் என்பது என் கருத்து. கலர் டோனைக் கூட்டல் பக்கம் ஒரு படி நகர்த்தினால் மஞ்சள் சேர்ந்து சரியாகும். மஞ்சள் பூசிய முகத்துக்கு அதைச் செய்யக் கூடாது, சைபரிலேயே விட்டுவிட வேண்டும். நிக்கானில் இதே வேலையை ஹியூ செய்கிறது; கூட்டினால் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் போகும். ஃபியூஜி வைத்திருப்பவர்களுக்கு புரோ நெக் ஸ்டாண்டர்டு என்ற அமைப்பு பொருந்தும். ஒரு கம்பெனியின் கழித்தல் இரண்டு இன்னொரு கம்பெனியின் கழித்தல் இரண்டு ஆகாது என்பதால், இரண்டு கேமரா கொண்டுபோகிறவர்கள் எண்ணைப் பார்த்து நம்பாமல், ஒரே புடவையை ஒரே விளக்கில் இரண்டிலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை நல்ல ஸ்டைலை வைத்தாலும் வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வொயிட் பேலன்ஸ் தவறினால் எல்லாம் வீண். விடியற்காலை முகூர்த்தத்தில் பகல் வெளிச்சம் இருக்காது. மேடையில் மஞ்சள் விளக்கும், கூரையில் வெள்ளை எல்இடியும், வீடியோகாரர் பிடிக்கும் 5600 கெல்வின் (விளக்கின் நிறத்தைக் குறிக்கும் அளவு) விளக்கும் கலந்து விழும். ஆட்டோவில் விட்டால், புடவை ஃபிரேமை நிறைக்கும்போது ஒரு நிறமும் வேட்டி நிறைக்கும்போது வேறு நிறமுமாக முகம் மாறி, ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் அக்காள் தங்கைபோல் இரண்டு மணப்பெண்கள் தெரிவார்கள். முகத்தின் மேல் எந்த விளக்கு அதிகம் விழுகிறதோ அதைக் கணக்கில் எடுத்துக் கெல்வினை நிலையாக வைப்பதே சரி. கஸ்டம் வொயிட் பேலன்ஸ் எடுப்பதானால் சாம்பல் நிற அட்டையைப் பயன்படுத்துங்கள். அட்டைக்குப் பதிலாக மாப்பிள்ளையின் வேட்டியைக் குறிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேட்டிக்குச் சலவையில் நீலம் போட்டிருப்பார்கள், கேமராவோ அந்த நீலத்தை வெள்ளை என்று எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும்.

இனி ஷார்ப்னஸ். பலர் இதைத் தெளிவு என்று எண்ணுகிறார்கள். கேமரா செய்வதெல்லாம், இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரத்தைக் கண்டுபிடித்து, இருட்டை இன்னும் இருட்டாக்கி வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்குவதுதான். ஃபோகஸ் தவறிய படத்தை அது திருத்தாது. பெண்ணின் கன்னத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஷார்ப்னஸ் கூடியிருந்தால், தோலின் நுண்துளை ஒவ்வொன்றுக்கும் ஒரு கரும்புள்ளியும், மேக்கப்பின் மினுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைப் புள்ளியும், நெற்றி வியர்வைக்கு ஒரு விளிம்பும் வந்திருக்கும். அப்படியே புடவைக்கு நகர்ந்தால், ஜரிகை இழையை ஒட்டி மெல்லிய வெள்ளைக்கோடு ஓடும். நெருக்கமான நெசவில் வானவில்போல் வரி விழுந்திருந்தால் அதையும் இது எடுத்துக்காட்டும். 24 மெகாபிக்சல் படம் நீளவாக்கில் 6000 பிக்சல் கொண்டது; ஆல்பத்தில் எதிரெதிர் இரண்டு பக்கம் சேர்ந்த 12-க்கு 36 அங்குல விரிப்பில் ஒரு பக்கத்தின் 18 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில், 5400 பிக்சல் தேவை. ஒரு படத்தையே பக்கம் முழுவதும் போட்டால், கேமரா போட்ட அந்த வெள்ளைக்கோடு ஏறத்தாழ அப்படியே அச்சுக்குப் போகும். ஆகவே உருவப்படத்துக்குக் கேனானில் 2-க்கு மேல் வைப்பதில்லை. நிக்கானில், படத்தின் விவரங்களை எடுப்பாக்கும் கிளாரிட்டியைச் சைபரிலோ அதற்கு ஒரு படி கீழேயோ வைக்கிறேன்.

புதிய கேனான்களில் ஷார்ப்னஸ் மூன்றாகப் பிரிந்திருக்கும்: ஸ்ட்ரெங்த் (கூர்மையின் அளவு), ஃபைன்னஸ், திரெஷோல்டு. ஃபைன்னஸ் எண் சிறிதானால் மிக நுண்ணிய கோடுகளையும் கூர்மையாக்கும். திரெஷோல்டு எண் சிறிதானால் மங்கலான ஓரங்களையும் பிடித்து இழுக்கும். விடியற்காலையில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 3200-க்கு மேல் ஏறும்போது திரெஷோல்டை உயர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் கூர்மையாவது முகமல்ல, நாய்ஸ் என்னும் புள்ளிகள். எண்பது உறவினர் நிற்கும் குரூப் போட்டோ மட்டும் விதிவிலக்கு: ஒவ்வொரு முகத்துக்கும் கிடைக்கும் பிக்சல் குறைவு என்பதால் இரண்டு படி கூட்டலாம். அமுச்சியை (அம்மாவின் அம்மாவை) தனியே உட்காரவைத்து எடுக்கும்போதும் நான் கொஞ்சம் கூட்டுகிறேன். அந்தச் சுருக்கங்களை மழுங்கடித்தால் அது அவர் முகமாக இருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலர் ஸ்பேஸ் (கோப்பு காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபி வைத்தால், அதைப் படிக்கத் தெரியாத திரையிலும் லேபிலும் படம் வெளுத்து வரும். ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்ஷன் குறைந்த அளவில் இருக்கட்டும். கேனானின் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசரும் நிக்கானின் ஆட்டோ ஆக்டிவ் டி-லைட்டிங்கும் ஒவ்வொரு படத்துக்கும் தம் போக்கில் நிழலைத் தூக்குவதால் இரண்டையும் அணைத்துவிடுங்கள். தோலை மிருதுவாக்கும் வசதி இருந்தால் அதையும்.

வெளிப்புறப் படத்துக்குப் பொள்ளாச்சித் தென்னந்தோப்போ கோபிசெட்டிபாளையத்தின் நெல்வயலோ வேண்டும் என்று கேட்காதவர் குறைவு. அங்கே சிக்கல் வேறு. வெயில் ஓலையிலும் பயிரிலும் பட்டுத் தெறித்து, தாடைக்குக் கீழும் கழுத்திலும் பச்சை ஏறும். கெல்வினைக் கூட்டிக் குறைத்தால் அது போகாது, ஏனென்றால் கெல்வின் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையில் மட்டுமே நகரும். வொயிட் பேலன்ஸ் ஷிஃப்ட் கட்டத்துக்குப் போய், புள்ளியை மெஜந்தா பக்கம் ஒன்றிரண்டு கட்டம் நகர்த்துங்கள். பச்சை சாச்சுரேஷனுக்காக லேண்ட்ஸ்கேப் ஸ்டைலைத் தொட வேண்டாம், அது வயலோடு முகத்தையும் சேர்த்துப் பச்சையாக்கும். இந்த ஷிஃப்டைத் தோப்பைவிட்டுக் கிளம்பும்போதே சைபருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மறந்துபோய் மாலை ரிசப்ஷனை முழுவதும் இளஞ்சிவப்பாக எடுத்த பிறகுதான், கேமராவில் நம் அமைப்புகளைச் சேமிக்கும் இடங்களில் தோப்புக்கென்று சி2-வும் மண்டபத்துக்கென்று சி1-உம் தனித்தனியே சேமித்து வைக்கும் பழக்கம் எனக்கு வந்தது.