ஸ்டாண்ட்பையில் இருக்கும் விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பந்திங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் சிலர் இப்போது விமானம் ஓட்டுகிறார்கள். கேஎல்ஐஏ என்ற கோலாலம்பூர் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் அப்பா அம்மா வீட்டிலிருந்தே வேலைக்குப் போகிறார்கள். புதிதாகச் சேர்ந்த துணை விமானிக்கு ரோஸ்டர் என்ற பணி அட்டவணையில் ஸ்டாண்ட்பை, அதாவது கூப்பிட்டால் பறக்கத் தயாராகக் காத்திருக்கும் நேரம், நிறைய விழும். யாராவது காய்ச்சலில் படுத்தாலோ, மாலை இடிமழையில் விமானங்கள் தாமதமாகி ஒரு குழுவின் பணி நேரம் தீர்ந்துபோனாலோ, விமானிகளுக்கு வேலை ஒதுக்கும் க்ரூ கண்ட்ரோல் இவர்களைத்தான் கூப்பிடும். போனை சைலண்டில் போடாதே, சார்ஜ் வைத்துக்கொள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

தூங்காமல் காத்திருப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். தோட்டத்துக் குடும்பங்களில் விடியும் முன்பே எழும் பழக்கம் ஊறிப்போனது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் விடிகாலை ஆள்கணக்கெடுப்புக்கு, போன தலைமுறை ஓய்ந்துவிட்டாலும் வீட்டில் ஐந்து மணிக்கு விளக்கு எரிந்துவிடும். ஆறு மணிக்கு மேல் படுத்திருந்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். அந்த வீட்டில் இருந்துகொண்டு மாலை ஸ்டாண்ட்பை பார்ப்பவன், பகல் முழுக்க ஓடியாடிவிட்டு மூன்று மணிக்குமேல் போனைக் கையில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு மாலை 3 முதல் இரவு 11 வரை ஸ்டாண்ட்பை. அன்று அக்கா மகளுக்குக் காதுகுத்து. ஐந்து மணிக்கே எழுந்து கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டிருக்கிறான். தாய்மாமன் என்பதால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டதும் அவன்தான். அப்புறம் பந்தி பரிமாறி, அண்டாவை வேனில் ஏற்றி, வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. ஒன்பதரைக்குப் போன் வந்தது: பதினொன்றுக்கு ரிப்போர்ட், சென்னை போய் அப்படியே திரும்ப வேண்டும்.

உடனே என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, ரெண்டு கோப்பி குடிச்சா சமாளிச்சிடலாம்ல?"

திரும்பி வந்து இறங்கக் காலை ஒன்பதாகிவிடும். அதாவது எழுந்து 28 மணி நேரம். ரிப்போர்ட் செய்யும்போதே 18 மணி நேரம் விழித்திருப்பான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-லேயே ஆய்வு காட்டிவிட்டது. கோப்பி அதைச் சரிசெய்யாது. கண்ட்ரோலைக் கூப்பிட்டு, களைப்பாக இருக்கிறது, பறக்க முடியாது என்று சொல்லச் சொன்னேன். சொன்னான். இன்னொரு துணை விமானி வந்து சேரும்வரை அத்தனை பயணிகளும் காத்திருந்தார்கள். மறுநாள் அவன் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பறக்க மறுத்தது சரி. அந்த நிலைக்கு வந்ததுதான் தவறு.

விதிகள் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அமெரிக்க விதியில், கூப்பிட்டதும் கிளம்ப வேண்டிய ஸ்டாண்ட்பை 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய விதியில் வீட்டு ஸ்டாண்ட்பை 16 மணி நேரம்வரை போகலாம். ஆனால் ஆறு மணி நேரத்துக்குமேல் நீண்டால், கூடுதல் நேரம் பொதுவாகப் பறக்கும் பணி நேரத்திலிருந்து கழிக்கப்படும். இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஸ்டாண்ட்பை தொடங்கிய நேரத்திலிருந்துதான் ஓடுகிறது. நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பது கண்ட்ரோலில் இருப்பவரின் கணினிக்குத் தெரியாது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மறுகோடியிலிருந்து பயணம் செய்து வேலைக்கு வந்தவர். இரண்டு விமானிகளுமே களைப்பால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. 2014-ல் நடப்புக்கு வந்த அமெரிக்காவின் புதிய ஓய்வு விதிகளுக்கு அந்த விபத்துதான் தூண்டுதல்.

ஆகவே ஸ்டாண்ட்பை முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அழைப்பு வரும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கித் திட்டமிடுங்கள். மாலை ஸ்டாண்ட்பை என்றால் காலையில் தாமதமாக எழுங்கள். முடியாவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையை இருட்டாக்கி ஒன்றரை மணி நேரமாவது படுங்கள். ஸ்டாண்ட்பை நேரத்திலேயே தூங்குவதும் தவறில்லை, போன் மணி எழுப்பிவிடும். விடிகாலை நாலு மணிக்குத் தொடங்குகிறதா, முதல்நாள் எட்டு மணிக்கே படுக்கை.

வீட்டில் சொல்லாமல் இருப்பது

"பையன் சும்மாதானே இருக்கான்" என்று அத்தையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்வார்கள். அவர்கள்மேல் குறையில்லை. ரோஸ்டரை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி, ஸ்டாண்ட்பை நாள்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். "அன்றைக்கு நான் வேலையில் இருக்கிறேன்" என்று அம்மாவிடம் ஒரு தடவை பொறுமையாக உட்கார்ந்து பேசுங்கள். புரிந்துகொள்வார்கள்.

சாலை காலியாக இருக்கும் என்று நம்புவது

பந்திங்கிலிருந்து கேஎல்ஐஏ அரை மணி நேரம்தான். மழை பிடித்து, முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஊர்ந்தால் அப்படியில்லை. ஸ்டாண்ட்பை அன்று கேரித் தீவு, மோரிப் என்று எதிர்ப்பக்கம் போகாதீர்கள்.

பாஸ்போர்ட்டை வேறு பையில் வைப்பது

வைக்காதீர்கள்.

90 நாள் கணக்கை மறப்பது

பயணிகளோடு பறக்க, கடந்த 90 நாள்களில் மூன்று முறையாவது விமானத்தை மேலேற்றி இறக்கியிருக்க வேண்டும். ஸ்டாண்ட்பையிலேயே மாதம் கழிபவர்களுக்கு இது சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று விடாமல், இரண்டு மாதம் ஆனதும் நீங்களே எண்ணிப் பாருங்கள். குறைந்தால் பயிற்சிக்கான சிமுலேட்டரில் நேரம் கேட்டு எழுதிப் போடுங்கள்.