அடுத்த பெட்டி எது? வார்ஹாமர் ஆர்மியை 500 பாயின்ட்டிலிருந்து 1000க்கு வளர்ப்பது

வார்ஹாமர் என்பது சின்னப் போர்வீரர் மாடல்களை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் (ஒன்றாக நகரும் குழு) ஆட்டத்தில் அதன் வலுவுக்கேற்ப ஒரு பாயின்ட் விலை உண்டு. முதல் காம்பாட் பேட்ரல் பெட்டியை (புதியவர்களுக்கான சிறு ஆர்மி) ஒட்டி, பெயின்ட் அடித்து, நாலைந்து ஆட்டம் ஆடி முடித்தவர்களுக்கான குறிப்பு இது. அலமாரியில் வைத்து அழகு பார்க்க என்றால் பிடித்த மாடலை வாங்கிக்கொள்ளுங்கள், இதைப் படிக்கவே தேவையில்லை. ஆடுவதற்கு என்றால், உங்கள் ஆர்மியில் எந்த வேலைக்கு ஆள் இல்லையோ அதற்கு வாங்க வேண்டும். கணக்கெல்லாம் வார்ஹாமர் 40,000 பத்தாம் பதிப்பின்படி.

1. இலக்கு 1000 பாயின்ட், அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். வீட்டு ஆட்டம் என்றால் 1000 பாயின்ட்டை 44க்கு 30 அங்குல இடத்திலும் ஆடலாம். நாலு பேர் சாப்பிடும் மேசையிலேயே விரித்துவிடலாம். 2000க்கு 44க்கு 60 அங்குலம். பெங்களூரில் அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ ஒற்றை பெட்ரூம் வீடு என்றால் கட்டிலை நகர்த்தத்தான் வேண்டும். பாயின்ட் விலைகள் அவ்வப்போது மாறும். வார்ஹாமரைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் இலவசமாகத் தரும் பாயின்ட் பிடிஎப்பைப் புதிதாக இறக்கிப் பாருங்கள்; பழைய வீடியோவில் சொன்ன எண்ணை நம்ப வேண்டாம்.

2. கையில் இருப்பதை வேலைவாரியாக எழுதுங்கள். ஒரு தாளில் நாலு பத்தி: அப்ஜெக்டிவை (ஸ்கோர் தரும் குறியிடம்) நின்று பிடிப்பது, கூட்டத்தைச் சுட்டுக் குறைப்பது, வாகனத்தை உடைப்பது, ஓடிப் போய்த் தொலைவில் ஸ்கோர் எடுப்பது. ஒரு யூனிட்டை அது நன்றாகச் செய்யும் பத்தியில் மட்டும் எழுதுங்கள். "இதுவும் கொஞ்சம் செய்யும்" என்று எல்லாப் பத்தியிலும் எழுதினால் ஓட்டை தெரியாது.

புதியவர்களிடம் பெரும்பாலும் காலியாக இருப்பது மூன்றாவது பத்தி. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எதிரில் ஒரு ரைனோ (கவச வண்டி): டஃப்னெஸ் (உறுதி) 9, வூண்ட் (எத்தனை அடி தாங்கும்) 10, சேவ் (அடியைத் தடுக்கப் பகடையில் விழ வேண்டியது) 3+, அதாவது 3 அல்லது அதற்கு மேல். ஐந்து இன்டர்செசர்கள் (ஸ்பேஸ் மரீன் காலாட்படை) போல்ட் ரைபிளால் 10 குண்டு சுடுகிறார்கள். 3+ விழுந்தால் குறி படும் என்பதால் சராசரியாக ஆறே முக்கால் வரை படும். ஸ்ட்ரெங்த் 4, டஃப்னெஸில் பாதியைக்கூட எட்டாததால் 6 விழுந்தால்தான் காயம். ஏபி -1 (சேவைக் குறைக்கும் எண்) போக எதிராளி பாதியைத் தடுத்துவிடுவார். சராசரியாக அரை வூண்ட்தான் மிஞ்சும். அதே 3+ல் ஒரேயொரு லாஸ்கேனன் என்ற பெரிய துப்பாக்கி (ஸ்ட்ரெங்த் 12, ஏபி -3, டேமேஜ் டி6+1, அதாவது ஒரு பகடை எண்ணோடு 1) சராசரியாக 1.7 வூண்ட் எடுக்கும். இன்னொரு இன்டர்செசர் பெட்டி வாங்கினாலும் ரைனோ அசையாது.

3. பணம் கொடுக்கும் முன் காகிதத்தில் ஆடுங்கள். பேஸ் (மாடல் நிற்கும் வட்டத் தட்டு) அளவுக்கு அட்டையை வட்டமாக வெட்டி (இன்டர்செசருக்கு 32 மிமீ, டெர்மினேட்டருக்கு 40 மிமீ) யூனிட் பெயரை எழுதி வையுங்கள். எதிராளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓர் ஆட்டம் பகடையின் அதிர்ஷ்டம். மூன்று ஆடினால்தான் அந்த யூனிட் உங்கள் கைக்கு ஒத்துவருகிறதா என்று தெரியும்.

4. பெட்டிக்குள் என்ன என்று எண்ணுங்கள். சில கிட்டில் இரண்டு யூனிட்டுக்கான பாகங்கள் இருக்கும், கட்ட முடிவது ஒன்றுதான். நெக்ரான் படையின் லிச்கார்ட் கிட்டில் ஐந்து பேர். லிச்கார்டாகவோ ட்ரையார்க் பிரிட்டோரியனாகவோ ஒட்டலாம். பிளாஸ்டிக் பசை பாகத்தையே உருக்கி இணைக்கிறது, பிறகு பிரிக்க வராது. ஆயுதத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் 3க்கு 1 மிமீ நியோடிமியம் காந்தம் போடலாம், பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். காந்தம் வைப்பவர்கள் அதிகம் தவறுவது துருவத்தில்: ஒட்டும் முன் எல்லாக் காந்தத்திலும் ஒரே பக்கத்தில் மார்க்கர் புள்ளி வையுங்கள், இல்லையென்றால் கை தோளை விட்டுத் தள்ளி ஓடும்.

தள்ளுபடிப் பெட்டிகளில் மொத்த விலையை, நீங்கள் உண்மையில் களமிறக்கப்போகும் மாடல்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுங்கள். பாதி தேறாது என்றால் தள்ளுபடியும் தேறாது.

5. வீட்டுக்கு வந்து சேரும் விலையைப் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர், சுங்க வரி, அதைக் கட்டிக்கொடுக்கக் கூரியர்காரர் வாங்கும் கட்டணம் மூன்றும் சேரும். ஸ்ப்ரே பிரைமரை (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அந்த ஆர்டரில் சேர்க்காதீர்கள். அழுத்தமேற்றிய டப்பாவை விமானத் தபாலில் அனுப்பவே மாட்டார்கள். பிரஷ்ஷால் பூசும் பிரைமர் வாங்குங்கள். பெங்களூரு மழைக்காலத்துக்கும் அதுதான் சரி: ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் பிரைமர் சொரசொரப்பாகும், மேட் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும்.

6. பழைய மாடல் கிடைத்தால் அதன் விதித்தாள் 'லெஜன்ட்ஸ்' பட்டியலுக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். போயிருந்தால் வீட்டில் ஆடலாம், பெரும்பாலான போட்டிகளில் எடுக்க மாட்டார்கள். பேஸ் பழைய அளவில் இருந்தால் மாற்றும் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

7. கோடெக்ஸ் (ஒவ்வொரு படைக்குமான விதிப் புத்தகம்) கடைசி. 8ஆம் பதிப்பு 2017இல், 9ஆம் பதிப்பு 2020இல், 10ஆம் பதிப்பு 2023இல் வந்தன. பதிப்பின் கடைசி வருடத்தில் வாங்கும் கோடெக்ஸ் சில மாதங்களில் பழசாகிவிடலாம், மாடல் அப்படியில்லை. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் மாடலை வாங்கிவிட்டு, ஆட்டத்துக்கு நண்பரின் புத்தகத்தைக் கடன் கேளுங்கள்.