மகளின் கண்ணாடி பில்லுக்கு இன்சூரன்ஸ் பணம் வாங்கியது எப்படி

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் கம்பெனி குரூப் பாலிசியில் ஓபிடி செலவும், அதாவது ஆஸ்பத்திரியில் சேராமல் பார்க்கும் வைத்தியச் செலவும் சேர்த்தி. கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் இரண்டும் அதில் வரும். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும் பணம் தரும் சாதாரண மெடிக்ளெய்மில் இவை பெரும்பாலும் கிடையாது. அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலூர் சத்துவாச்சாரியில் மகளுக்குக் கண்ணாடி வாங்கி பில்லை அனுப்பினேன். "ஆவணம் போதாது" என்று திருப்பிவிட்டார்கள். எந்த ஆவணம் என்று ஒரு வார்த்தை இல்லை. உரிய பணத்தை இப்படி மொட்டையாக மறுப்பது அநியாயம்.

எங்கள் ஹெச்.ஆர். அக்கா, "காரணத்தை மெயில்ல கேளுங்க தம்பி, போன்ல வேண்டாம்" என்றார். கேட்டதும் பதில் வந்தது. பில்லில் 'கண்ணாடி 1' என்று மட்டும் இருக்கிறதாம். டாக்டர் சீட்டில் பதிவு எண் இல்லையாம். சரி, கடைக்காரரிடம் சொன்னதும் மகள் பெயர், ஃபிரேம் விலை, லென்ஸ் விலை எல்லாம் தனித்தனியாகப் போட்டு, ஜிஎஸ்டி எண்ணோடு பில் கொடுத்தார். டாக்டரும் பழைய சீட்டிலேயே பதிவு எண்ணோடு சீல் வைத்தார். பவரும் தேதியும் அதில் ஏற்கெனவே இருந்தன. ஃபிரேமுக்கான உச்சவரம்பைத் தாண்டிய தொகை போக மீதி வந்துவிட்டது.

அப்படியும் மறுத்தால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' இணையதளத்தில் புகார் செய்யலாம். அதற்கு மேல் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார், கட்டணம் கிடையாது.

கண்ணாடியே வேண்டாம், லேசர் செய்துகொள்ளலாம் என்பவர்கள் கவனிக்க: 7.5 டயாப்டருக்குக் குறைவான பவரைச் சரிசெய்யும் சிகிச்சையை ஐஆர்டிஏஐயின் பொது விலக்குப் பட்டியலிலேயே (பாலிசியில் பணம் கிடைக்காத செலவுகள்) சேர்த்திருக்கிறார்கள்.